மகன் பெயரையும் சேர்த்து எழுதுகிறீர்களா?
சிங்கப்பூர் பி.ஆர்.: வரவும் செலவும்

தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கம் 'பையன் சிங்கப்பூர்ல இருக்கான்' என்று சொன்னாலே கல்யாணம் கூடிவந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அடுத்த கேள்வியும் கூடவே வருகிறது: 'பி.ஆர். இருக்கா?' இருக்கிறது என்றால் பேச்சின் தோரணையே மாறிவிடும். அதில் என்ன கிடைக்கும், பதிலுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று பெண் வீட்டார் கேட்பதில்லை. பல சமயம் மாப்பிள்ளைக்கே முழுசாகத் தெரிந்திருப்பதில்லை.

லாட்டரி விழுந்த மாதிரிதான் நம்மவர்கள் இதைப் பேசுகிறார்கள். சிங்கப்பூர் அரசோ பி.ஆர். என்னும் நிரந்தரவாசத் தகுதியை ஓர் ஒப்பந்தமாக வைத்திருக்கிறது. இன்னது தருவேன், இன்னது தரமாட்டேன், பதிலுக்கு இது வேண்டும் என்று எல்லாம் விதியாக இருக்கிறது. அதிலேயே கனமான விதி, கையெழுத்துப் போடும் அப்பாவையோ அம்மாவையோ தொடாது. அது வீட்டில் ஓடி விளையாடிக்கொண்டிருக்கும் பையனைத் தொடும். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், இந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்று பார்த்துவிடலாம்.

நாற்பது வருடம் உழைத்தாலும்

2024 ஜூன் கணக்குப்படி சிங்கப்பூரின் மக்கள்தொகை சுமார் 60.4 லட்சம். குடிமக்கள் 36.4 லட்சம், நிரந்தரவாசிகள் 5.4 லட்சம். மீதி 18.6 லட்சம் பேர் வேலை, படிப்பு, குடும்பம் என்று ஏதாவது ஓர் அனுமதிச் சீட்டில் தங்கியிருப்பவர்கள். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நெருக்கியடித்து நிற்கும் நம் ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்தக் கடைசி வகையில் வருகிறார்கள். அதிலும் 'ஒர்க் பெர்மிட்'.

ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் தன் வேலையை வைத்து பி.ஆருக்கு விண்ணப்பிக்க முடியாது. பத்து வருடமானாலும், இருபது வருடமானாலும் அப்படித்தான். ஒருவர் இத்தனை ஆண்டுதான் வேலை செய்யலாம் என்றிருந்த உச்சவரம்பை 2025 ஜூலையில் மனிதவள அமைச்சு நீக்கிவிட்டது. 63 வயது வரை உழைக்கலாம். அதாவது, இருபது வயதில் கப்பல் பட்டறைக்குப் போகும் இளைஞர் நாற்பது வருடம் அங்கேயே உழைத்துவிட்டு, குடியிருக்கும் உரிமை ஏதும் இல்லாமல் ஊர் திரும்பலாம். சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ கல்யாணம் செய்துகொள்வதென்றால்கூட அமைச்சின் அனுமதி வேண்டும். கட்டுமானத் தொழிலாளர்களை மேடையில் பாராட்டுவதற்கும் இந்த விதிக்கும் சம்பந்தமில்லை. 'ஒர்க் பெர்மிட்டில் போ, அப்புறம் பி.ஆர். வாங்கிக்கலாம்' என்று ஊரில் பணம் வாங்கும் ஏஜென்ட் பச்சைப் பொய் சொல்கிறார். இதை மட்டும் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

நிபுணர்களுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது நடுத்தரத் திறனாளர்களுக்கான எஸ் பாஸ் வைத்திருப்பவர்களுக்குத்தான் கதவு. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 ஜனவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வயது கூடக் கூட இந்தத் தொகையும் கூடும். குடிமக்கள், நிரந்தரவாசிகளின் கணவன், மனைவி, 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட திருமணமாகாத பிள்ளைகள் ஆகியோரும் விண்ணப்பிக்கலாம். அங்கே படிக்கும் மாணவர்களுக்கும் சில நிபந்தனைகளோடு வழி உண்டு. ஒரு கோடி வெள்ளியும் அதற்கு மேலும் முதலீடு செய்பவர்களுக்குத் தனித் திட்டமே இருக்கிறது. அவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்கப் போவதில்லை.

கனடாவில் வயதுக்கு இத்தனை, படிப்புக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, எவ்வளவு எடுத்தால் தேர்வு என்பதையும் வெளியிடுகிறார்கள். சிங்கப்பூரில் பி.ஆருக்கு அப்படியொரு பட்டியல் கிடையாது. குடும்பத் தொடர்பு, பொருளாதாரப் பங்களிப்பு, படிப்பு, வயது, எத்தனை காலமாக இருக்கிறார், வேர் ஊன்றும் எண்ணம் இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பதாகக் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் சொல்கிறது. எதற்கு எவ்வளவு எடை என்று சொல்வதில்லை. நிராகரித்தால் காரணமும் சொல்வதில்லை. விண்ணப்பக் கட்டணம் 100 வெள்ளி, திரும்பி வராது. பதிலுக்கு ஏறக்குறைய ஆறு மாதம். எல்லாமே ஆன்லைன், இடைத்தரகர் தேவையில்லை. 'உள்ளே ஆள் இருக்கு' என்று ஆயிரக்கணக்கில் வாங்குபவர் பூர்த்தி செய்வதும் நீங்கள் வீட்டில் உட்கார்ந்து பூர்த்தி செய்யக்கூடிய அதே படிவத்தைத்தான். போலிச் சான்றிதழ் வைத்து மாட்டினால் பி.ஆர். போவதோடு சிறையும் உண்டு.

79 ஆயிரம் எப்படி 29 ஆயிரம் ஆனது

2008-இல் சிங்கப்பூர் 79,167 பேருக்கு பி.ஆர். கொடுத்தது. 2010-இல் கொடுத்தது 29,265 பேருக்கு. இரண்டே வருடத்தில் இத்தனை பெரிய சரிவு.

ரயிலில் நெரிசல், வீட்டு விலை ஏற்றம், வேலைப் போட்டி. எல்லாவற்றுக்கும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களே காரணம் என்ற முணுமுணுப்பு பலமாகிக்கொண்டிருந்த நேரம் அது. 2011 பொதுத்தேர்தலில் ஆளும் மக்கள் செயல் கட்சியின் வாக்கு விகிதம் 60.1 சதவீதமாக இறங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு அதற்குக் கிடைத்த மிகக் குறைந்த பங்கு. 2030-இல் மக்கள்தொகை 69 லட்சம் வரை போகலாம் என்று 2013-இல் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையை எதிர்த்து ஹாங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். ஆர்ப்பாட்டமே அபூர்வமான ஊரில் அது பெரிய செய்தி. அன்றிலிருந்து கதவு கைப்பிடி அளவுதான் திறந்திருக்கிறது. 2023-இல் 34,491 பேர் பி.ஆர். பெற்றார்கள், 23,472 பேர் குடியுரிமை பெற்றார்கள்.

எண்ணிக்கையைக் குறைத்ததோடு அரசு நிற்கவில்லை. பள்ளிக் கட்டணம், வீடு, மருத்துவ மானியம் மூன்றிலும் குடிமகனுக்கும் நிரந்தரவாசிக்கும் இருந்த இடைவெளியைப் படிப்படியாக அகலப்படுத்தியது. சிங்கப்பூரர்களுக்கு முன்னுரிமை என்பதை வெளிப்படையாகவே சொல்லிச் செய்தார்கள். தொண்ணூறுகளில் பி.ஆர். வாங்கிய மாமாவின் அனுபவத்தை வைத்து இன்று கணக்குப் போடக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். அவர் வாங்கிய பி.ஆரும் இன்றைய பி.ஆரும் ஒன்றில்லை.

கையில் வருவது

முதலாவது, நிம்மதி. எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்பது கம்பெனியோடு கட்டிய கயிறு. வேலை போனால் பாஸ் ரத்து. பொதுவாக முப்பது நாளில் மூட்டை கட்ட வேண்டும். பள்ளி ஆண்டின் நடுவில் பிள்ளைகளின் டி.சி., வாடகை வீட்டு முன்பணம், வங்கிக் கடன் எல்லாவற்றையும் அந்த முப்பது நாளில் முடித்தாக வேண்டும். பி.ஆர். இருந்தால் வேலை போனாலும் வீடு வீடாகவே இருக்கும். நிதானமாக அடுத்த வேலை தேடலாம், சொந்தமாகத் தொழில் தொடங்கலாம். கணவனின் பாஸை நம்பி வீட்டில் இருக்கும் மனைவியும் யாருடைய அனுமதியும் இல்லாமல் வேலைக்குப் போகலாம். படித்த மனைவிகளைக் கேட்டுப் பாருங்கள், பி.ஆரின் பெரிய லாபம் இதுதான் என்பார்கள்.

இரண்டாவது, மத்திய சேமநிதி. வெளிநாட்டு ஊழியருக்கு இது கிடையாது. நிரந்தரவாசி ஆனதும் ஆரம்பமாகும், ஆனால் முதல் நாளே முழுசாக வராது. மாதம் 6,000 வெள்ளி சம்பளம் வாங்கும் 40 வயதுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். முதல் வருடம் அவர் சம்பளத்தில் 5 சதவீதம், 300 வெள்ளி பிடிப்பார்கள். முதலாளி 4 சதவீதம், 240 வெள்ளி போடுவார். இரண்டாம் வருடம் அவரிடமிருந்து 15 சதவீதம், 900 வெள்ளி. முதலாளி 9 சதவீதம், 540. மூன்றாம் வருடத்திலிருந்து குடிமகனுக்கு உள்ள அதே விகிதம்: அவர் 20, முதலாளி 17. ஆக மாதம் 2,220 வெள்ளி கணக்கில் சேரும். ஆனால் கையில் வாங்கும் சம்பளம் 4,800 ஆகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். ஊருக்கு அனுப்பும் பணத்தைக் குறைக்க வேண்டி வரும்; 'பி.ஆர். வாங்கிட்டான், இப்ப பணமே அனுப்பறதில்ல' என்ற பேச்சும் வரும்.

சேமநிதிப் பணத்துக்கு இரண்டரை முதல் நான்கு சதவீதம் வரை வட்டி. வீடு வாங்க எடுக்கலாம், மருத்துவச் செலவுக்கு ஒரு பகுதி ஒதுங்கும். பி.ஆரைக் கைவிட்டு நாட்டை விட்டே போவதென்றால் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு போகலாம். பலருக்கு இது தெரியாது. பணம் அங்கேயே மாட்டிக்கொள்ளும் என்று பயந்து விண்ணப்பிக்காமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாவது, மருத்துவம். மெடிஷீல்டு லைஃப் காப்பீடு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது. ஏற்கெனவே இருக்கும் நோயைக் காட்டி ஒதுக்க முடியாது. ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு. சர்க்கரை நோய்க் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

வீட்டு விஷயத்தில்தான் பி.ஆர். பாதி வழியில் நின்றுவிடுகிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் மானிய விலையில் கட்டிக் கொடுக்கும் புது வீட்டை கணவன், மனைவி இருவருமே நிரந்தரவாசிகள் என்றால் வாங்க முடியாது. பழைய வீட்டை மறுவிற்பனையில் வாங்கலாம், அதுவும் பி.ஆர். கிடைத்து மூன்று வருடம் கழித்து. கழகக் கடன் கிடையாது, வங்கிக்குத்தான் போக வேண்டும். அந்த புளோக்கில் இந்தியர்களுக்கான இன விகிதமும் நிரந்தரவாசிகளுக்கான விகிதமும் நிரம்பாமல் இருக்க வேண்டும். தனியாள் நிரந்தரவாசிக்கு மறுவிற்பனை வீடும் இல்லை. கோண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வாங்கலாம் என்றால் கூடுதல் முத்திரை வரி இருக்கிறது. 15 லட்சம் வெள்ளி வீட்டுக்கு, முதல் வீடு என்றால் குடிமகனுக்கு இந்த வரி பூஜ்யம். நிரந்தரவாசிக்கு 5 சதவீதம், 75,000 வெள்ளி. வெளிநாட்டவருக்கு 60 சதவீதம், 9 லட்சம் வெள்ளி. வெளிநாட்டவர் கண்ணில் பார்த்தால் பி.ஆர். பெரிய வரம்தான்.

பள்ளியில், வெளிநாட்டுப் பிள்ளைகளைவிட நிரந்தரவாசிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் மிகக் குறைவு. குடிமக்களின் பிள்ளைகளைவிட மிக அதிகம். ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையில் இடத்துக்குப் போட்டி வந்தால் குடிமக்களின் பிள்ளைகளுக்கே முதலிடம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அரசுப் பள்ளியில் சேரும் நம் பிள்ளைகள் தாய்மொழிப் பாடமாகத் தமிழைப் படிக்கிறார்கள். இங்கே தமிழைத் தவிர்க்க வழி தேடிய பெற்றோர் அங்கே போய்த் தமிழ் டியூஷனுக்குக் காசு கட்டுகிறார்கள். நல்ல தண்டனை!

பதினெட்டு வயதில் வரும் கடிதம்

இனி அந்தக் கனமான விதி.

சிங்கப்பூரில் 1967 முதல் தேசிய சேவை கட்டாயம். குடிமக்களுக்கு மட்டுமில்லை, நிரந்தரவாசிகளின் மகன்களுக்கும். வேலை அடிப்படையில் பி.ஆர். பெறும் அப்பாவுக்கு விலக்கு உண்டு. அவர் பெயரில், அவர் ஆதரவில் பி.ஆர். பெறும் மகனுக்கு விலக்கு இல்லை. பதினாறரை வயதில் பதிவு. 18 வயதிலிருந்து அழைப்பு. ராணுவம் என்றால் பெரும்பாலோர் தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சியோடு தொடங்குவார்கள்; போலீஸுக்கோ குடிமைத் தற்காப்புக்கோ போகிறவர்களும் உண்டு. முழுநேரமாக இரண்டு வருடம். அது முடிந்த பிறகும் பத்தாண்டு அளவுக்கு வருடா வருடம் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். சாதாரண வீரருக்கு 40 வயது வரை, அதிகாரிக்கு 50 வரை இந்தக் கடமை ஓயாது.

பிளஸ் டூ முடித்ததும் பையனை ஊருக்கு அனுப்பி இன்ஜினீயரிங் சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போடும் பெற்றோருக்கு இடி இங்கேதான் விழும். பல்கலைக்கழகப் படிப்புக்காகச் சேவையைத் தள்ளிப்போட முடியாது. 13 வயதிலிருந்தே, மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்க வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும். நீண்ட காலம் என்றால் 75,000 வெள்ளி அல்லது பெற்றோரின் ஆண்டு வருமானத்தில் பாதி, இரண்டில் எது அதிகமோ அதற்குப் பிணை கேட்பார்கள். அழைப்பை மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை.

'அப்போது பி.ஆரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே' என்பார்கள். கொடுக்கலாம். ஆனால் சேவை செய்யாமல் கைவிட்ட பையன் பிற்காலத்தில் படிக்கவோ வேலை பார்க்கவோ சிங்கப்பூருக்கு விண்ணப்பித்தால் அது அவனுக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளப்படும். பெற்றோரும் தப்ப முடியாது. நிரந்தரவாசி வெளிநாடு போய்த் திரும்ப மறுநுழைவு அனுமதி வைத்திருக்க வேண்டும். வழக்கமாக ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கிறார்கள். மகன் நழுவிய குடும்பத்துக்கு அந்தப் புதுப்பிப்பும் சிக்கலாகலாம்.

மகன் பெயரை விட்டுவிட்டு அப்பா, அம்மா மட்டும் விண்ணப்பிக்கலாமா? சட்டம் தடுக்கவில்லை. ஆனால் வேர் ஊன்றும் எண்ணத்தை எடைபோடும் அதிகாரி அந்தப் படிவத்தைப் பார்த்து என்ன நினைப்பார் என்று யூகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

இந்த விதி அநியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. சின்னஞ்சிறு நாடு. பக்கத்து வீட்டுப் பையன் துப்பாக்கி தூக்கி இரண்டு வருடம் ஓடும்போது, அதே பள்ளியில் படித்த நம் பையன் மட்டும் நேரே கல்லூரிக்குப் போனால் அந்தப் பள்ளி நட்பு தாங்காது. என் வருத்தமெல்லாம் ஐந்து வயதுப் பிள்ளையின் பெயரை ஒரு சொடுக்கில் சேர்த்துவிட்டு, பதினாறரை வயதில் பதிவுக் கடிதம் வந்ததும் 'எங்களுக்குத் தெரியாதே' என்று கைபிசையும் பெற்றோரைப் பற்றித்தான். இந்தியப் பாஸ்போர்ட்டோடு சிங்கப்பூர்ச் சீருடை அணிந்து சேவை செய்யும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். முடித்து வரும்போது பெற்றோரைவிட அந்த நாட்டுக்கு நெருக்கமானவர்களாக வருகிறார்கள்.

நீலத்திலிருந்து பிங்க்

நிரந்தரவாசிக்கு நீல நிற ஐ.சி. (அடையாள அட்டை), குடிமகனுக்கு பிங்க். பி.ஆர். பெற்று இரண்டு வருடம் ஆன, 21 வயது நிறைந்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். முடிவு வர ஒரு வருடம் வரை ஆகலாம். கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்ததும் நாட்டின் வரலாறு, நடைமுறை பற்றிய இணையப் பாடம், ஒரு சுற்றுலா, சமூகக் கலந்துரையாடல் என்று ஒரு பயணம் உண்டு, 2011-இல் கொண்டுவந்தது. பிறகு பழைய குடியுரிமையைத் துறந்து விசுவாசப் பிரமாணம். தொகுதி எம்.பி. முன்னிலையில் விழா.

அங்கே பிறந்த குழந்தை தானாகவே குடிமகன் ஆகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே பரவலாக இருக்கிறது. அமெரிக்காவை நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். சிங்கப்பூரில் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருந்தால்தான் உண்டு. அதனால் கணவன் இந்தியக் குடிமகனாகவே நிரந்தரவாசியாக இருந்துகொண்டு, மனைவி மட்டும் பிங்க் ஐ.சி. வாங்கும் குடும்பங்கள் உண்டு. அப்போது மானியப் புது வீட்டுக்கும் வழி திறக்கிறது. 10,000 வெள்ளி கூடுதலாகக் கட்ட வேண்டும், கணவனும் பின்னால் குடிமகன் ஆனால் அந்தத் தொகை மானியமாகத் திரும்ப வரும்.

குடிமகனுக்கு வயதான பெற்றோரை பி.ஆருக்கு விண்ணப்பிக்க வைக்கும் உரிமை இருக்கிறது. நிரந்தரவாசிக்கு அது இல்லை, நீண்டகால வருகை அனுமதியோடு சரி. ஊரில் ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவர்கள் பலர் இந்த ஒரே காரணத்துக்காக பிங்க் பக்கம் போகிறார்கள். ஓட்டும் குடிமகனுக்கு மட்டும்தான்; போடாமல் இருக்கவும் முடியாது, அங்கே வாக்களிப்பது கட்டாயம்.

இந்தக் கேள்வி தமிழர்களுக்குப் புதிதில்லை. 1957-இல் சிங்கப்பூர் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பிலேயே இருந்த தொழிலாளர்களிடம் போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று மன்றாடியவர் 'தமிழ் முரசு' நிறுவனர் கோ. சாரங்கபாணி. பத்திரிகையில் எழுதியதோடு நில்லாமல் இயக்கமாகவே நடத்தினார். தமிழ் அந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக நிலைத்ததில் அப்படி அங்கேயே தங்கிப்போன தமிழர்களுக்குப் பங்கு உண்டு.

இந்தியப் பக்கத்தில் இழப்பு என்ன? 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமை பெற்ற அந்தக் கணமே இந்தியக் குடியுரிமை போய்விட்டது என்கிறது. பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு போகும், அரசு வேலைக்கான தகுதி போகும். பதிலுக்கு ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை வாங்கிக்கொண்டால் விசா இல்லாமல் ஆயுளுக்கும் வந்து போகலாம், வீடு வாங்கலாம். விவசாய நிலம் மட்டும் வாங்க முடியாது. அப்பாவிடமிருந்து வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். டெல்டாக்காரர்களுக்கு இந்த ஒரு வரி பாஸ்போர்ட்டைவிட வலிக்கும். இருந்தும் 2022-இல் மட்டும் 2,25,620 பேர் இந்தியக் குடியுரிமையைத் துறந்ததாக நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் என் தீர்ப்பு இதுதான். பிள்ளைகளை அங்கேயே வளர்த்து, அங்கேயே கண் மூடுவது என்று முடிவெடுத்தவர்கள் நீல ஐ.சி.யோடு நின்றுவிட வேண்டாம்; வீட்டுக்கும் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் குடிமகனைவிட அதிகம் கட்டிக்கொண்டு, மகனையும் சேவைக்கு அனுப்பிவிட்டு, ஓட்டு மட்டும் இல்லாமல் இருப்பதில் அர்த்தமில்லை. பத்து வருடம் சம்பாதித்துவிட்டு ஊர் திரும்புவது என்று தீர்மானமாக இருப்பவர்கள், ஆண் பிள்ளை இருந்தால், எம்ப்ளாய்மென்ட் பாஸிலேயே இருந்துவிட்டு வருவது உத்தமம். இரண்டில் எது என்று இன்னும் தெரியாதவர்கள் விண்ணப்பத்தைத் திறக்கும் முன் தேசிய சேவைப் பக்கத்தை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். பையனுக்குப் புரியும் வயது என்றால் அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.